இரண்டு ராகு காலமும் ஒரு மோட்டார் சைக்கிளும்

காலை மணி ஏழரை. வாசல்படியில் கால் வைத்ததும் முதலில் என் கண்ணில் பட்டவர் மாமனார். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு நேர் எதிரே, இரண்டு கைகளையும் விரித்து, மாட்டை மறிப்பவர் போல நின்றிருந்தார். கையை விரித்த வேகத்தில் அக்குளில் இருந்த பஞ்சாங்கம் கீழே விழுந்தது. எடுத்துத் தூசி தட்டி, மறுபடியும் கைகளை விரித்தார்.

"ராகு காலம். ஒம்போது மணி வரைக்கும் யாரும் எங்கயும் போகக் கூடாது."

ஏழரை என்று எழுதிவிட்டேன். பின்னாளில் பினாங்கில் ஒரு பத்திரிகை ஆபீசில் வருஷக்கணக்காகப் புரூஃப் பார்த்தவள் என்பதால் இங்கேயே ஒரு திருத்தம் போட்டுவிடுகிறேன். ஏழரை என்று சொன்னது சுவர்க் கடிகாரம். ஜப்பான்காரன் வந்ததும் மலாயாவின் எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டான். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் எங்கள் ஊர் லூனாஸிலும். சூரியனுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. கடிகாரத்தில் ஏழரை ஆனபோது ரப்பர் மரங்களுக்கு இடையே அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. இந்த ஒன்றரை மணி நேரத்தை வாசகர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் இன்றுவரை மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

நாங்கள் கிளம்பியது சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு. உல்லாசப் பயணம். ஜப்பான்காரன் கொடுத்த பயண பாஸில் அப்படித்தான் எழுதியிருந்தது: மோட்டார் சைக்கிள் ஒன்று, ஓட்டுபவர் ஒருவர், பின்னால் பயணி ஒருத்தி, மனைவி. 1943இல், மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் தின்னக் கிடைக்காத கெடா மாநிலத்திலிருந்து, ஒட்டுப்போட்ட சேலையில் உல்லாசப் பயணம்.

உண்மையில் போனது என் அண்ணனை மீட்க. மாணிக்கம் என்று பெயர். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து, கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அனுப்பி, கட்டிக்கொடுத்தவர் அவர்தான். முந்தின புதன்கிழமை, சம்பளம் தருகிறோம் என்று சொல்லி ஆட்களை, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்தார்கள். ஒரு லாரி வந்தது. வரிசை கலையாமல் அப்படியே ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிற வேலை, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். மூன்று மாதம் முன்பு போனவர்களில் யாரும் திரும்பியிருக்கவில்லை.

என் கணவர் ராமு, கூலிமில் ஜப்பான்காரர்களின் மோட்டார் பட்டறையில் மெக்கானிக். அதனால்தான் அவருடைய மோட்டார் சைக்கிளைப் பறிக்காமல் விட்டுவைத்திருந்தார்கள். பெட்ரோலுக்குப் பதில் ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் பழுது பார்த்துக் கொடுத்த ஜப்பான் கார்ப்பரல் ஒருவன் சயாமிலிருக்கும் ஹட்யாய்க்கு மாற்றலாகிப் போயிருந்தான். அந்த மோட்டார் சைக்கிள் மீது அவனுக்கு ஒரு கண். லாரி டிரைவர் ஒருவர் மூலம் அவனுக்குச் சொல்லியனுப்பினோம். பதில் வந்தது: ஆட்களை ஏற்றிய ரயில் திங்கட்கிழமை ஹட்யாயில் நிற்கும், எஞ்சின் மாற்றி நாலு மணிக்குக் கிளம்பும், அதற்குள் மோட்டார் சைக்கிள் வந்தால் ஓர் ஆளை இறக்கிவிடுகிறேன்.

ஆக, போகும்போது இரண்டு பேர் வண்டியில். வரும்போது மூன்று பேர் நடந்து. இதுதான் எங்கள் சுற்றுலாத் திட்டம். பாஸும் அன்று, திங்கட்கிழமை முதல்தான் செல்லும். வழி ஏழு மணி நேரம். ஏழரைக்குக் கிளம்பினால் இரண்டரைக்குப் போய்விடலாம்.

சயாம் பயணம் என் கணவருக்குப் பழைய ஆசை. கல்யாணமான புதிதில், என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு சொங்க்லா கடற்கரை வரை போவதாகத் திட்டம். எந்த ஊரில் எந்தக் கடையில் சாப்பிடுவது என்பது வரை முடிவாகியிருந்தது. எனக்காக இலவம்பஞ்சு அடைத்து ஒரு தலையணைகூடத் தைத்துப் பின்சீட்டில் கட்டிப் பார்த்தார். அவர் நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜப்பான்காரன் சயாம் வழியாக எங்களிடம் வந்துவிட்டான். அதுவும் சைக்கிளில்.

இப்போது அதே தலையணை, அதே பெட்டி. பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடலில் குளிக்கிற கால்சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது.

"என்னங்க இது? எங்க அண்ணன் ரயில்ல அடைபட்டுக் கிடக்காரு. நீங்க கடல்ல குளிக்கப் போறீங்களா?"

"பாஸ்ல உல்லாசப் பயணம்னு போட்டிருக்கு சரசு. வழியில திறந்து பார்ப்பான் லா. டூர் மாதிரி தெரிய வேணாமா?"

(நியாயமான பதில்தான். அந்த மனிதரிடம் எனக்குப் பிடிக்காததே இதுதான். தப்பான சமயத்தில் நியாயமாகப் பேசுவார்.)

மாமனார் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. எங்கள் பயணத்தின் காரணம் அவருக்கு முழுக்கத் தெரியும். தெரிந்துதான் மறித்தார்.

"புதன்கிழமை லாரி வந்தது பன்னெண்டரைக்கு. அச்சு அசல் ராகு காலம். அதனாலதான் மாணிக்கம் மாட்டிக்கிட்டான்."

லாரி வந்ததனால் மாட்டிக்கொண்டார் மாமா, என்று நான் சொன்னேன். வாய்க்குள். பத்தொன்பது வயதில் என் கோபமெல்லாம் வாய்க்குள்ளேயே குடியிருந்தது. வெளியே வர அதற்குப் பாஸ் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்பது வரை இறங்குவதில்லை என்று முடிவு. ஸ்டாண்டு போட்ட வண்டி, முன்னால் ஓட்டுபவர் இல்லை, பின்னால் முக்காடு போட்ட பயணி. இதைவிட வீரமான எதிர்ப்பு எனக்கு அன்று தோன்றவில்லை. ஒரு கோழி வந்து சக்கரத்தடியில் கிளறிக்கொண்டிருந்தது.

பால் மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்த அஞ்சலை அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சுற்றி வந்தார்.

"என்ன சரசு, சயாம் வந்துடுச்சா?"

"போங்கக்கா."

"ஊரு எப்படி? குளிரா இருக்கா?" சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்காரரும் அந்த லாரிலதான் ஏறினாரு. கண்ணுல பட்டா, புள்ளைக்குக் காய்ச்சல் வுட்டுருச்சுன்னு மட்டும் சொல்லு."

ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஓர் ஆள்தான். அது அவருக்கும் தெரியும். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒருவழியாக ஒன்பது அடித்தது. மாமனார் வழி விட்டார். என் கணவர் கண்ணாடி மாட்டினார். காலைத் தூக்கி உதைக்கப் போனவர், வானத்தைப் பார்த்தார். பார்த்தபடி நின்றார். பட்டறையில் நூலளவு பிழையைக்கூட விடாத மெக்கானிக் மூளை அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது.

"அப்பா, ஒரு விஷயம்."

"என்னடா?"

"ராகு காலம் சூரியனை வச்சுத்தானே கணக்கு? கடிகாரத்தை வச்சு இல்லையே. சூரியனுக்கு இப்பதான் ஏழரை. அப்படிப் பார்த்தா ராகு காலமே இப்பதான் ஆரம்பிக்குது லா."

கிழவருக்கு அந்த நிமிஷம்வரை இது தோன்றவே இல்லை. தானாகத் தோன்றியிருக்கவும் போவதில்லை. பெற்ற பிள்ளை எடுத்துக் கொடுத்தது.

"அப்ப இவ்வளவு நேரம் போனது?"

"அது ஜப்பான் ராகு காலம்."

மாமனார் நெடுநேரம் யோசித்தார். "ரெண்டும் கழியட்டும். யாரையும் பகைச்சுக்க வேணாம்."

இன்னொரு ஒன்றரை மணி நேரம். நான் இறங்கவில்லை. வெயில் ஏறியது. கோழி போய்விட்டது. உலகில் எத்தனையோ பேர் மோட்டார் சைக்கிளில் வெளிநாட்டுச் சுற்றுலா போயிருக்கிறார்கள். முதல் மூன்று மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட நகராத பயணி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பத்தரை ஆனது. இரண்டு ராகுவும் போயாயிற்று. மாமனார் பஞ்சாங்கத்தை மூடப்போனவர், மறுபடி விரித்தார்.

"திங்கட்கிழமை பத்தரைக்கு எமகண்..."

"மாமா!"

என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. என் கணவர் பயந்துபோய் உதைத்த உதையில் வண்டி முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் அது அப்படிக் கிளம்பியதில்லை.

வழியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரப்பர் எண்ணெய்ப் புகையில் என் முகம் கரியானது. சுங்கை பட்டாணிப் பாலத்தில் ஜப்பான் காவல்காரன் மறித்தான். இறங்கிக் குனிந்து வணங்க வேண்டும் என்பது சட்டம். என் கணவர் கண்ணாடியைக் கழற்றாமல் குனிந்துவிட்டார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. கண்ணாடியைக் கழற்றி மறுபடி குனிந்தார். அவன் பெட்டியைத் திறந்து, குளிக்கிற கால்சட்டையை எடுத்து, தன் இடுப்பில் வைத்து அளவு பார்த்து, சரியாக இருக்கவே வைத்துக்கொண்டான். பாஸைப் படித்துச் சிரித்து, போகச் சொன்னான். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்த என் கணவர் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு தலையைத் திருப்பி, "லெஃப்ட்ல பாரு சரசு, குனோங் ஜெராய் மலை. அதுக்கு அந்தப் பக்கம்தான் யான்ங்கிற ஊரு" என்றார். எனக்காகத்தான் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அப்போது அவரை வண்டியிலிருந்து தள்ளிவிடலாம் என்று இருந்தது. தள்ளினால் நானும் விழுவேன் என்பதால் விட்டேன்.

ஹட்யாய் ஸ்டேஷன் கடிகாரத்தில் ஐந்தே முக்கால். அங்கேயும் தோக்கியோ நேரம்தான். தண்டவாளத்தில் ஒரு பெட்டிகூட இல்லை. கார்ப்பரல் பிளாட்பாரத்தில் இருந்த ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

"கெரெத்தா அப்பி ஹபிஸ்," என்றான், அவனுக்குத் தெரிந்த மலாயில். ரயில் போய்விட்டது.

என் கணவர் கையைப் பிசைந்துகொண்டு ஏதேதோ சொன்னார். அவன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தான், டயரை அமுக்கிப் பார்த்தான், சாவிக்குக் கை நீட்டினான். பேசினபடி நாங்கள் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தோம். பேசினபடி அவன் எடுத்துக்கொண்டான். ஆள் மட்டும்தான் இல்லை. ஏறி உட்காரும் முன் பின்சீட்டிலிருந்த தலையணைக் கயிற்றை அவிழ்த்து, தலையணையை இரண்டு கைகளாலும் பிடித்து, எனக்கு முன்னால் குனிந்து, மரியாதையாக என்னிடம் கொடுத்தான். நானும் வாங்கிக்கொண்டேன். அவன் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன்.

மாட்டு வண்டி, நெல் ஏற்றிய லாரி, மீதி நடை என்று லூனாஸ் வந்து சேர்ந்தோம். தலையணை என் தலை மேல். மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். இரண்டு பேர்தான் வருகிறோம் என்பதைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அங்க போய்ச் சேர்ந்தது எத்தனை மணிக்கு?"

"அஞ்சே முக்கால்," என்றார் என் கணவர்.

பஞ்சாங்கத்தைப் புரட்டினார். கடிகாரக் கணக்கில் ஒரு தடவை, சூரியக் கணக்கில் ஒரு தடவை விரல் விட்டு எண்ணினார். "ரெண்டுக்கும் நல்ல நேரமாத்தானேடா இருக்கு," என்றார், ஒன்றும் புரியாதவராக.

நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி அடுப்பில் போட்டேன். இந்தியாவிலிருந்து கப்பல் நின்றுபோனதால் புதிது வராமல், சண்டைக்கு முந்தின வருஷத்துப் பஞ்சாங்கத்தைத்தான் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக எரிந்தது. அன்றிலிருந்து மாமனார் இறக்கும்வரை என் முன்னால் மணி என்ன என்றுகூடக் கேட்டதில்லை.

ஜப்பான்காரன் சரணடைந்து சில மாதம் கழித்து அண்ணன் வந்தார். அடையாளம் தெரியவில்லை. ஒரு கால் புண்ணாகி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். கஞ்சி குடித்து முடித்தபின், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அது நீங்கதானா!"

"என்னண்ணே?"

"ஹட்யாய்ல ஒருத்தன் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டு என்னை இறக்கினான் சரசு. ஒரு மரப்பெட்டி மேல பக்கத்துல உட்கார வச்சான். சிகரெட்டு குடுத்தான். வாட்சைப் பார்க்கிறான், ரோட்டைப் பார்க்கிறான். சமையலுக்கு ஆள் எடுக்கிறான் போலன்னு நினைச்சேன். ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். அப்புறம் முதுகுல ஒரு தட்டுத் தட்டி, மறுபடி ஏத்திவிட்டான்."

அண்ணன் என் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்பிள்ளை, அந்த மோட்டாரு எத்தனை கிக்குல கிளம்பும்?"

"ஏழெட்டு ஆகும் மச்சான்."

"அதுக்கு நான் சமமா? அவனை நல்லா ஏமாத்தப் பார்த்தீங்க லா!" என்று சொல்லி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மற்ற எல்லாருக்கும் வந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கிளம்பத் தாமதித்தால், பேரப்பிள்ளைகள்கூட, "எந்த ராகு? ஜப்பான் ராகுவா, நம்ம ராகுவா?" என்று கத்துவார்கள். கார் வாங்கினாலும் விற்றாலும், "எத்தனை மாணிக்கம் தாத்தா விலை?" என்றுதான் கேட்பார்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் திரும்பி வந்ததும், அந்த லாரியில் போனவர்கள் குடியிருந்த மூன்றாவது லயத்தை, அந்த வரிசை வீடுகளை, இடித்து, அந்த இடத்தில் ரப்பர் கன்று நட்டார்கள். அதில் குடியிருக்க ஆள் இல்லை.