ஒருமனப்பட்டு: வெட்டப்பட்ட இரண்டு பக்கங்கள்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, சித்தியை எதிர்த்துப் பேசும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது.

நம் சபை மாத இதழின் ஆசிரியராக நீங்கள் கேட்டதால்தான், ஒற்றுமைச் சிறப்பிதழுக்கு 'ஹோமோதுமதோன்' என்ற கிரேக்கச் சொல்லைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். நம் வேதாகமத்தில் அது 'ஒருமனப்பட்டு' என்று வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் சீடர்கள் ஒருமனப்பட்டு ஜெபம் பண்ணுகிறார்கள். இது முதல் இரண்டு பக்கம். அதே புத்தகத்தில் ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்களும் காதைப் பொத்திக்கொண்டு ஒருமனப்பட்டுத்தான் அவன்மேல் பாய்கிறார்கள், எபேசு ஊர்க் கூட்டம் ஒருமனப்பட்டு அரங்கசாலைக்குள் ஓடுகிறது, ஓடியவர்களில் பலருக்கு எதற்குக் கூடினோம் என்றே தெரியவில்லை. இது அடுத்த இரண்டு பக்கம். நீங்கள் "இடமில்லைம்மா" என்று பின்பாதியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு புறாப் படம் போட்டீர்கள்.

அந்தப் புறாக்கள் செய்த வேலையைக் கேளுங்கள். போன ஞாயிறு, முழங்கால் வலியால் நீங்கள் வராத அந்தச் சபைக் கூட்டத்தில், முப்பது வருஷமாக ஆர்மோனியத்தை மெதுவாகவே வாசித்து அந்தப் பெயரே வாங்கிவிட்ட நம் மெதுவக்காவை நிறுத்திவிட்டு, பாட்டுகள் பதிந்த மெஷின் ஒன்று வாங்கவேண்டும் என்று செயலாளர் எழுந்தார். டிரைவிங் ஸ்கூலில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொடுத்தே பிழைக்கும் மனிதருக்குப் பாட்டு மட்டும் வேகமாகப் போகவேண்டும். அக்கா தனியாள், அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வருவதே அந்த ஆர்மோனியப் பெட்டிக்காகத்தான். யாரோ முணுமுணுத்ததும் செயலாளர் இதழை விரித்து என் கட்டுரையைப் புறா வரைக்கும் சத்தமாக வாசித்துவிட்டு, "படிச்சவங்க எழுதியிருக்காங்க, கிரேக்கத்துலயே இருக்காம்! ஒருமனமா கையைத் தூக்குங்க!" என்றார்.

தூக்கினார்கள். எனக்கு முன்னால் இருந்த ரிட்டயர்டு தபால்காரர் தூக்கிய கையோடு திரும்பி, "எதுக்கும்மா தூக்குறோம்?" என்று என்னைக் கேட்டார். எபேசுவிலிருந்து நேராக வந்தவர் போல. மெதுவக்கா ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து, "நானும் தூக்கணுமா தம்பி?" என்றார். "தூக்குங்கக்கா, உங்களால ஒருமனம் கெட்டுதுன்னு பேர் வரக் கூடாதுல்ல" என்றார் செயலாளர். அக்காவும் தூக்கினார், அவர் பாட்டு போகும் வேகத்தில். செயலாளர் அன்று ஒருநாள்தான் அந்த வேகத்தைப் பொறுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று ஆயர் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்குள் வரும் இதழில் என் மற்ற இரண்டு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் போடுங்கள். புறா வேண்டாம். இத்தனை பெரிய சபையில் 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு வாய் இல்லாமல் போனதை அவர்களும் வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சித்திக்கு என் அன்பு. தேவன் உங்கள் முழங்காலுக்குச் சுகத்தையும் உங்கள் இதழுக்குக் கூடுதல் பக்கங்களையும் தருவாராக.

உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: தபால்காரர் எப்படியும் உங்களிடம் சொல்லிவிடுவார், நானே சொல்லிவிடுகிறேன். அவர் திரும்பிப் பார்த்தபோது என் கையும் மேலேதான் இருந்தது. யாராவது ஒருத்தர் தூக்காமல் இருப்பார் என்று நினைத்துத்தான் தூக்கினேன்.