மாப்பிள்ளையின் உதிரிபாகப் பெட்டி

பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்த பிறகுதான் மாப்பிள்ளை காரை ஓரங்கட்டினார். காருக்குப் பின்னால் டிரெய்லர். அதன் மேல் தார்ப்பாய் போர்த்திய படகு. டிரெய்லரின் பின்விளக்குகள் இரண்டும் செத்துக் கிடந்தன.

வேறொருவர் என்றால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளையோ பதவியேற்கப் போகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு இறங்கினார். டிக்கியிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை, கைக்குழந்தையை இறக்குகிற பக்குவத்தோடு இறக்கி வைத்தார். பேரிங், நட்டு, பல்பு, வயர், கிரீஸ் டப்பா, கயிறு என்று டிரெய்லரில் எது உண்டோ அதற்கெல்லாம் மாற்று அதில் இருந்தது. இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டால் இன்னொரு டிரெய்லரே ஆகிவிடும் என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம்.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் இதே சாலையில் ஒரு பேரிங் உடைந்து, குடும்பமே பகல் முழுக்க வெயிலில் நின்றது. மாமனார் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும். "மனுஷனுக்கு முன்யோசனை வேணும்" என்று பொதுவாகச் சொன்னார். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லோரிடமும் அதையே பொதுவாகச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தவருக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இந்த வருஷம் அவரை ஏரிக்குக் கூட்டிப்போய், நடுத்தண்ணீரில் இறங்கி நீந்தச் சொல்லிப் பார்த்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

மாமனார் லேசுப்பட்ட ஆள் இல்லை. தபால் ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் வெள்ளம் புரண்ட ஆற்றை ஒற்றை ஆளாக நீந்திக் கடந்தவர். அதை அவரே சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும்.

விளக்குக்குப் போகும் வயர் எங்கேயோ இழுபட்டு அறுந்திருந்தது. மாப்பிள்ளை புது வயர் போட்டார். மாமனார் கால் மரத்துப்போனதாகச் சொல்லிக்கொண்டு இறங்கி வந்து, பக்கத்தில் குந்தி, அத்தனையையும் கவனமாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையின் எந்த வேலையையும் அவர் இப்படிப் பார்த்ததில்லை.

"இந்தச் சக்கரம் எதுல நிக்குது மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை உச்சி குளிர்ந்துபோய் விளக்கினார். இந்த நட்டுகள்தான் உயிர், இவை தளர்ந்தால் ஓர் அடி நகர முடியாது என்று ஸ்பானரை வைத்து முடுக்கியும் காட்டினார். மாமனார் ஸ்பானரை வாங்கிக்கொண்டு, நீங்கள் போய்க் கையைக் கழுவுங்கள், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மாப்பிள்ளை நன்றியோடு கை கழுவப் போனார்.

கார் கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, சக்கரம் ஆட்டம் கண்டது. இறங்கிப் பார்த்தால் பாதி நட்டுகளைக் காணோம். அவருக்கு இந்த வேலை பழக்கமில்லை, பாவம் என்று மாப்பிள்ளை மனசுக்குள் மன்னித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

"அதுக்கும் வச்சிருக்கீங்களா?" என்றார் மாமனார்.

"எல்லாத்துக்கும் வச்சிருக்கேன் மாமா."

மாமனார் நீண்ட பெருமூச்சு விட்டார். நம் அருமை இப்போதுதான் உறைக்கிறது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டியதில் பேரிங்கை மூடும் மூடி எங்கேயோ தொலைந்தது. தரையெல்லாம் தடவியும் கிடைக்கவில்லை. மூடிக்கு மட்டும் மாற்று இல்லை. மாப்பிள்ளை துணியை வைத்துக் கட்டினார். அடுத்த ஊர் வருவதற்குள் துணி பறந்து, மண் புகுந்து, சக்கரம் புகைய ஆரம்பித்தது. பேரிங்கை மாற்ற வேண்டியதாயிற்று. முழங்கை வரை கிரீஸ். சட்டையின் நிறமே தெரியவில்லை. அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"போதுங்க, திரும்பிடலாம். நாளெல்லாம் ரோட்டுலயே போயிடும் போலிருக்கு."

"குழந்தை சொல்றது நியாயம்தான்" என்றார் மாமனார். "எனக்காக நீங்க கஷ்டப்பட வேண்டாம் மாப்பிள்ளை. வீட்டுக்குப் போயிடலாம், நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

அந்தப் பெருந்தன்மையில் மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. இப்பேர்ப்பட்ட மனுஷரை ஏமாற்றலாமா? செத்தாலும் ஏரியில்தான் என்று முடிவு கட்டினார்.

டீக்கடையில் நிறுத்தினார்கள். கார் கிளம்பினாலே கண்ணை மூடிக்கொள்கிற மாமியார்கூட அங்கே விழித்துக்கொண்டு, காருக்குப் பின்பக்கமே பார்த்தபடி டீ குடித்தார். மாப்பிள்ளை வண்டியை எடுத்தபோது கார் மட்டும் நகர்ந்தது. டிரெய்லர் கடை வாசலிலேயே நின்றுவிட்டது. இரண்டையும் சேர்க்கும் பின்னைக் காணோம்.

மாப்பிள்ளை பெட்டிக்குள் கையை விட்டுப் புதுப் பின்னை எடுத்தார். கூடவே இன்னொன்றும் வந்தது.

"ரெண்டா?" என்றார் மாமனார்.

"ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான் மாமா."

மாமனார் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம் டிரெய்லருக்கு ஒரு நோயும் வரவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்பே ஏரிக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டிவிட்டு, மாமனாருக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார். மாமனார் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மாப்பிள்ளையின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை என்னவோன்னு நினைச்சிருந்தேன் மாப்பிள்ளை. இப்படி ஒரு முன்யோசனைக்காரரை நான் என் ஆயுசுல பார்த்ததில்ல." குரல் தழுதழுத்தது. தோளில் இருந்த கை வெடவெடவென்று நடுங்கியது.

இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தார்? மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்சம் தள்ளிப் போனார். அங்கே நின்றிருந்த மாமியார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அவருக்குச் சின்ன வயசுலேர்ந்தே தண்ணின்னா உயிர்ப்பயம் மாப்பிள்ளை, காலையிலேர்ந்து நீங்க மாட்ட மாட்டக் கழட்டிக் கழட்டி, பாவம், கை ஓஞ்சு போச்சு அவருக்கு."