விசாரணை அண்ணையும் அமெரிக்க மாப்பிள்ளையும்

உலகத்தின் எந்த மூலையில் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரரையும் மூன்றே கேள்வியில் ஊர், ஒழுங்கை, பூட்டன் வரை கொண்டுபோய் நிறுத்தக்கூடிய ஒரே மனிதர், லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த விசாரணை அண்ணைதான். அவர் சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். யார் வீட்டில் கல்யாணப் பேச்சென்றாலும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். "எந்த இடம்? ஆற்றை மகன்? தாய் எந்தப் பக்கம்?" ஆற்றை என்றால் யாருடைய என்று அர்த்தம். அவ்வளவுதான், பையன் காலி. அவர் வீட்டு மாடியில் குடியிருந்த நான் தஞ்சாவூர்க்காரன் என்பதால் பிழைத்தேன்.

2009இல் அவருடைய ஒரே மகள் சுமதி, கூட வேலை செய்யும் அமெரிக்கப் பையன் டேனியலைக் கட்டப்போவதாகச் சொன்னாள். "அப்பா ஓம் எண்டாத்தான் கட்டுவன். இல்லையெண்டா ஒருத்தரும் வேண்டாம்" என்றும் சொல்லிவிட்டாள். பையன் அமெரிக்கன் என்பது அண்ணைக்குப் பிரச்சினையே இல்லை. விசாரிக்காமல் எப்படி ஓம் சொல்வது?

நூலகத்திலிருந்து அமெரிக்க மக்களைப் பற்றித் தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம் எடுத்துவந்து, கடையிலேயே வைத்துப் படித்தார். பால் வாங்கப் போனால்கூட எனக்குப் பாடம்தான்.

"தம்பி, ஒரு மாநிலத்திலை ஜெர்மன்காரராம். அடுத்ததிலை நோர்வேக்காரராம். நியூயோர்க்கிலை இத்தாலி, யூதர், சீனர் எல்லாம். தெற்கிலை ஆபிரிக்காவிலயிருந்து பிடிச்சுக்கொண்டு போன சனம். டெக்சாசிலை கனபேர் வீட்டிலை ஸ்பானிஷ். வேதக்காரர், அதுதான் கிறிஸ்தவர், அதிலையே நூறு வகை! அந்த மண்ணின்ரை சொந்தச் சனம் கொஞ்சம்தான். நான் ஆரிட்டைப் போய் விசாரிக்க?"

"பையனையே கேட்டுடுங்க அண்ணே."

"மாப்பிள்ளையிட்டையே மாப்பிள்ளையை விசாரிக்கிறதோ? விசர்க்கதை!"

வேறு வழி கிடைக்கவில்லை. ஒரு ஞாயிறு மதியம் டேனியல் சாப்பிட வந்தான். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நண்டுக்கறியில் கண் கலங்கியிருந்தவனிடம் அண்ணை தமிழில் கேட்க, சுமதி ஆங்கிலத்தில் சொன்னாள். எந்த இடம்? விஸ்கான்சின். தாய்வழி? தாத்தா ஐரிஷ் கத்தோலிக்கர், பாட்டி மெக்சிகோ. தகப்பன்வழிப் பாட்டி? யூதர்.

அண்ணைக்கு வேர்த்துவிட்டது. "மூண்டு ஊர், ஒரு பிள்ளைக்கு!" என்று என்னைப் பார்த்தார். சுமதி சோற்றைத் தொடவே இல்லை. பாவமாக இருந்தது.

"சரி, தேப்பன்ரை தேப்பன்?"

ஜெர்மனியில் உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று பையன் பெயரைச் சொன்னான். தான் போனதில்லை, மொழியும் தெரியாது என்றான்.

அண்ணை எழுந்தே விட்டார். அகதியாக ஐரோப்பாவுக்கு வந்த புதிதில் அவரைத் தங்கவைத்த முகாம் அந்தக் கிராமத்தில்தான் இருந்தது. கடகடவென்று ஜெர்மனில் பொரிந்து தள்ளினார். பையன் திருதிருவென்று விழித்தான்.

"உன்ரை ஊரடா! நான் செருப்போடை பனிக்குள்ளை நிண்டனான். ஒரு மனிசி தன்ரை புருசன்ரை சப்பாத்தைக் கொண்டந்து தந்தவ. நல்ல சனம்!" பிறகு சமையலறையில் இருந்த மனைவி பக்கம் திரும்பி, "இஞ்சாரும், விசாரிச்சாச்சு! தெரிஞ்ச இடம்தான், ஓம் எண்டு சொல்லுறன்!" என்று கத்தினார்.

சுமதி அழுதுகொண்டே அவன் தட்டில் இன்னொரு நண்டை வைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள் அண்ணையிடம் வந்தார்களாம். தஞ்சாவூர் என்பதைத் தவிர, என்னைப் பற்றி எந்த ஒழுங்கை, ஆற்றை மகன் என்று ஒன்றுமே தெரியாது அவருக்கு. "அவன் எங்கட வீட்டுப் பெடியன். விசாரிக்கத் தேவையில்லை" என்று அனுப்பிவிட்டாராம்.