இருமினால் உட்காரவும்

துணிக்கடைக் கண்காணிப்பாளர் ஒரு தடவை இருமினார். விற்பனைப் பெண்கள் அத்தனை பேரும் டக்கென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். கையைத் தட்டியதும் எழுந்துகொண்டார்கள். ஒத்திகை பிரமாதம்.

எந்தப் புண்ணியவதி செய்த வேலையோ, இந்தக் கடையில் ஆளை உட்காரவே விடுவதில்லை என்று தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் போயிருந்தது. ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். முதலாளியின் சித்தாந்தமோ வேறு.

"ஆளு உட்கார்ந்தா வியாபாரமும் உட்கார்ந்துடும்யா."

எனவே ஸ்டூல்கள் வந்தன. கூடவே அதில் உட்காரத் தடையும் வந்தது. ஆய்வாளர் தலை தெரிந்தால் மட்டும் உட்கார வேண்டும். பிசகினால் கண்காணிப்பாளரின் சீட்டு கிழிந்துவிடும். புகார் கொடுத்தது யார் என்று கண்டுபிடிப்பதும் அவர் தலையில்தான் விழுந்தது.

அன்றைக்கென்று பார்த்து அவருக்கு நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. பாவம், புதுத் துணி மூட்டையைப் பிரித்த தூசி! துணி அளந்துகொண்டிருந்தவள் பாதியில் சரிந்து உட்கார, எதிரே நின்ற அம்மாள் மயக்கம்தான் என்று பதறிப்போய்த் தண்ணீர் கேட்டாள்.

அடையாளத்தை மாற்றினார். இனிமேல் இருமல் கிடையாது, மஞ்சள் கைக்குட்டை. அடுத்த இருமலுக்கு வாயைப் பொத்த அதே கைக்குட்டையைத்தான் எடுத்தார். கடை மொத்தமும் உட்கார்ந்தது.

அதையும் விட்டுவிட்டு, வாசல் காவலாளியிடம் ஆய்வாளர் வந்தால் உரக்க வணக்கம் சொல்லச் சொன்னார். காவலாளிக்கு ஆய்வாளரைத் தெரியாது. காரில் வந்து இறங்கிய எல்லாருக்கும் கட்டடம் அதிர ஒரு வணக்கம் வைத்தார். பெண்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே இல்லை. கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி மாடியிலிருந்து போன் செய்து, இது கடையா சினிமாக் கொட்டகையா என்று கேட்டார்.

ஆய்வாளர் அம்மா ஸ்கூட்டரில் வந்ததால் வணக்கம் கிடைக்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கண்டதும் கண்காணிப்பாளர் இருமினார், கைக்குட்டையை ஆட்டினார், வணக்கத்தையும் தானே சொல்லிவிட்டார். எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அம்மா, கண்காணிப்பாளரின் செருப்பிலிருந்து வீங்கிப் பிதுங்கிய பாதங்களைப் பார்த்தார்.

"உங்க ஸ்டூல் எங்கே?"

"எனக்கெதுக்கும்மா? சேர்ந்த நாள்லேருந்து நின்னே பழகிப்போச்சு."

"அப்ப புகார் சரிதான்" என்று சொல்லிவிட்டு, முதலாளியைப் பார்க்க மாடியேறினார் அம்மா.

கண்காணிப்பாளருக்கு உலகமே இருண்டது. இத்தனை கூத்தடித்தும் கடைசியில் தன்னாலேயே மாட்டிக்கொண்டோமே! பெண்கள் பக்கம் திரும்பினார்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டாச்சு. இப்பவாவது சொல்லுங்க, புகார் குடுத்தது யாரு?"

துணி அளக்கும் பெண் தன் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

"எல்லாரும் சேர்ந்துதான் குடுத்தோம்ணே. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் நாங்க எப்பவுமே கேமரா கண்ணுல படாம மூட்டை மேல உட்கார்ந்துக்குவோம்; இந்தக் கடையில உட்காராத ஆளு நீங்க ஒருத்தர்தான், உங்க காலைப் பார்க்கச் சகிக்கல."