சங்கத்துக்குப் பயந்து ஒளிந்த தபால்காரன்

எனக்கு நாய்ப் பயம் கிடையாது. தபால்காரனுக்கு அது போதும் என்று நினைத்திருந்தேன். நான் பயந்தது ஒரே ஒரு சொல்லுக்கு. சங்கம்.

அதற்குக் காரணம் உண்டு. தபால் வேலைக்கு வருமுன் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். அங்கே டீ டைமில் ஒருவர் வருவார். தோளில் கை போடுவார். வடை வாங்கித் தருவார். "நம்மளுக்குன்னு ஒரு சங்கம் இருந்தா நல்லா இருக்குமல்லங்க?" என்பார். ஆமாம் என்றவரை அடுத்த வாரம் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்துவார். "உங்களுக்கு வேலை இல்லீங்களாமா. போயிட்டு வாங்க." மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. வடை வாங்கித் தந்தவர் கம்பெனி வைத்த ஆள்.

என் பக்கத்து மேசை முருகேசன் அப்படித்தான் போனான். அவன் ஆமாம் என்று சொல்லக்கூட இல்லை. தலையைத்தான் ஆட்டினான். (வடை சூடாம்.)

பிறகு எனக்குத் தபால் வேலை கிடைத்தது. படிப்பு பத்தாவது. என் மனைவி சாந்தாமணி அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கம்பெனியில் கணக்கு முடித்தாயிற்று. இது போனால் வேறு போக்கு இல்லை.

முதல் நாள். போஸ்ட்மாஸ்டர் மேடம் தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒவ்வொரு குத்தும் நெஞ்சில் விழுந்தது. அன்றைக்குக் கொடுக்க வேண்டிய தபால்களைத் தெரு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஏரியா தபால்காரர் செல்வராஜ் அண்ணன் வந்தார். பெரிய மீசை. என் தோளில் கை போட்டார்.

"வாங்க தம்பி. புதுசுங்களா? நம்ம சங்கத்துல சேந்துருங்க."

சத்தமாகச் சொன்னார். மேடத்துக்கு முன்னால் சொன்னார். அடுத்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். வடை.

(ஆமாம். வடையேதான்.)

"வேண்டாமுங்க."

"ஏனுங்க, சக்கரைங்களா?"

"ஆமாங்க."

வடைக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அந்த ஆபீசில் எனக்குச் சர்க்கரை போடாத டீதான் வருகிறது.

பையை எடுத்தேன். மொபெட்டைக் கிளப்பினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று தெரு போயிருப்பேன். பின்னால் ஹாரன். கண்ணாடியில் மீசை தெரிந்தது. அண்ணன் ஒரு கையால் வண்டி ஓட்டினார். மறு கையில் வெள்ளையாக எதையோ தூக்கி ஆட்டினார்.

"தம்பி! நில்லுங்க தம்பி!"

கையெழுத்து வாங்காமல் விட மாட்டான் போலிருக்கிறதே என்று நினைத்தேன். (மனதுக்குள் மரியாதை போய்விட்டது.) முறுக்கினேன். அவரும் முறுக்கினார். ஒரு சந்தில் புகுந்தேன். பனியன் வேஸ்ட் குடோன் ஒன்று திறந்து கிடந்தது. வண்டியோடு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு அக்கா துணித் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தபாலுங்களா?"

"இல்லீங்க. ஒளியறனுங்க."

"யாரு, கடன்காரனா?"

"சங்கமுங்க."

அக்காவுக்கு அது கடன்காரனைவிட மோசமாகப் பட்டிருக்க வேண்டும். வண்டி மேல் ஒரு சாக்கைப் போட்டார். "அந்தத் துணிக் குமிக்குள்ள பூந்துக்கங்க" என்றார். புகுந்தேன். தலைக்கு மேல் துணி. மூச்சு முட்டியது. முருகேசன் கேட்டில் நின்ற நிற்பு கண் முன்னால் வந்தது. சாந்தாமணியிடம் என்ன சொல்வேன்? முதல் நாளே போய்விட்டது என்றா? இன்னும் ஆழமாகப் புகுந்தேன், குவியலே ஆடியது.

அண்ணன் குரல் கேட்டது. "ஏனுங்கக்கா, புதுத் தபால்காரர் இங்க வந்தாருங்களா?"

"ஒருத்தரும் வரலீங்க."

அப்போது தும்மினேன். அத்தனை வருஷம் பஞ்சுக்குள் வேலை செய்து தும்மாத மூக்கு.

"அக்கா, உங்க வேஸ்ட் தும்முதுங்க."

இதற்கு மேல் ஒளிந்து பயனில்லை. எழுந்தேன். தலையெல்லாம் நூல். காதில் ஒரு குழந்தைப் பனியனின் கை தொங்கியது. கும்பிட்டேன்.

"அண்ணா, புள்ளைக இருக்குதுங்க. நான் எந்தச் சங்கத்துலயும் சேரலீங்க. மேடத்துகிட்ட அப்படியே சொல்லிருங்க."

அண்ணன் என்னையே பார்த்தார். கையிலிருந்ததை நீட்டினார்.

"ஸ்பீடு போஸ்ட் கட்டு. மேசை மேலயே உட்டுட்டு வந்துட்டீங்க. இன்னைக்கே குடுக்கோணுமுங்க."

அதில் கம்பெனிகளுக்கு வந்த செக்புக் இருந்தது, கோர்ட் நோட்டீஸ் இருந்தது. முதல் நாளே இதைக் கொடுக்காமல் விட்டால் மெமோ வரும். நான் எந்த வேலை போய்விடும் என்று பயந்து ஓடினேனோ, அந்த வேலையை அவர் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார்.

வடைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். "சரி, வாங்க. நேரமாச்சு" என்றார். கட்டு முழுவதையும் என்னோடு கூடவே வந்து கொடுத்தார். அவர் ஏரியா அப்படியே கிடந்தது.

சாயங்காலம் தபால் இன்ஸ்பெக்டர் போனில் சத்தம் போட்டார். ஒரு ஏரியாத் தபால் ஏன் தாமதம்? எந்த ஆள்? மேடம் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் வாசலில் நின்ற மொபெட்டைப் பார்த்தேன்.

அண்ணன் குனிந்து சொன்னார். "நாந்தானுங்க சார். புது ஆளுக்கு வழி காட்டப் போனேன். எம்பட பேர்லயே எழுதிக்கங்க."

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர்கூட அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

மேடம் போனை வைத்தார். முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, மூக்குல நூல் இருக்குது. அப்பறம், நானும் சங்கந்தானுங்க. எனக்குப் பயந்தும் எங்கயாச்சும் பூந்துக்காதீங்க."

(அதையும் நான் அன்றைக்கு முழுசாக நம்பவில்லை.)

மறுநாள் சேர்ந்தேன். கையெழுத்துக் கோணலாகத்தான் வந்தது.

சாந்தாமணியிடம் நான் சொல்லவில்லை. குடோன் அக்கா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தும்ம முடியாது. யார் தும்மினாலும் என் மகள் கத்துவாள்: "வெளிய வாங்க, சங்கம் ஒண்ணும் பண்ணாது!"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு.