மாப்பிள்ளையிடம் நான் கேட்ட கேள்விகள்

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குள் போனால், யாரென்று கேட்பதற்கு முன்னால் உட்காரச் சொல்லிவிடுவார்கள். வந்தவரைப் போய் யாரென்று கேட்பது மரியாதை இல்லை. அந்த மரியாதையால் ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்தது. மரியாதைமேல் பழி போட்டுப் பிரயோஜனமில்லை. நான்தான் காரணம்.

பத்தாவதோடு படிப்பை விட்ட நான், பிள்ளைகள் வளர்ந்த பிறகு இன்சூரன்ஸ் ஏஜென்ட் பரீட்சை எழுதிப் பாஸானேன். (பாதி மனப்பாடம், மீதி மாதா தயவு.) பயிற்சி கொடுத்த சார் இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உடம்பைப் பற்றிய கேள்வி ஒன்றைக்கூட விடக் கூடாது, நோயை மறைக்கத் துணைபோனால் லைசென்ஸ் போய்விடும். அதே மாதிரி, அவர்கள் சொல்வது அடுத்தவர் காதுக்குப் போகக் கூடாது. பரீட்சையில் இரண்டையும் சரியாகத்தான் எழுதினேன். காங்கேயம் பஸ்ஸில் ஏறியபோது முதலாவது மட்டும்தான் என்கூட வந்தது.

என் முதல் வாடிக்கையாளர் செந்தில், கொப்பரை காயப்போடும் தேங்காய்க்களம் வைத்திருப்பவர். போனில் பேசியதோடு சரி, முகம் பார்த்ததில்லை. "ஞாயித்துக்கெழம ஊட்டுலதான் இருப்பனுங்க்கா" என்றிருந்தார். பூசை முடிந்த கையோடு கிளம்பிப் போனேன்.

அன்றைக்குப் பார்த்து, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். வருவதென்று முந்தின நாள்தான் முடிவானதாம். அந்தப் பரபரப்பில் செந்தில் என்னைச் சுத்தமாக மறந்துவிட்டார். அவர் அம்மா என்னைப் பெண் வீட்டு ஆள் என்று நினைத்து, "வாங்க அம்மணி, உக்காருங்க" என்று முறுக்கும் காப்பியும் கொடுத்தார். பெண் வீட்டாரோ நான் மாப்பிள்ளைக்கு அத்தை என்று நினைத்தார்கள். எனக்கு, எல்லாரும் ஒரே குடும்பம். ஆண்டவர் ஆசீர்வதித்த வீடு என்று மனசுக்குள் ஸ்தோத்திரம் வேறு.

சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். "செந்தில் தம்பி, கேட்டரலாங்களா?"

குரலைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. "இப்பவேங்களா அக்கா?"

"நல்ல காரியத்தத் தள்ளிப்போடக் கூடாதுங்க."

பெண்ணின் அப்பா பலமாகத் தலையாட்டினார்.

"குடிப்பழக்கம் உண்டுங்களா?"

"இல்லீங்க."

"பீடி, சிகரெட்?"

"அய்யோ, இல்லீங்க்கா."

பெண்ணின் அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்லாக் கேளுங்க அம்மணி."

"சர்க்கரை, பிரஷர்?"

செந்தில் அம்மாவைப் பார்த்தார். அம்மா முறுக்குத் தட்டைப் பார்த்தார். நான் அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்.

"மறைச்சுப்போட்டீங்கன்னா, பின்னால கஷ்டப்படறது உங்க சம்சாரந்தானுங்க தம்பி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சர்க்கரை இருக்குங்க. மாத்திரை சாப்புடறனுங்க."

பெண்ணின் அப்பா செந்திலின் அம்மா பக்கம் திரும்பினார். "உங்க நாத்தனாருக்கு ரொம்ப நேர்மைங்க."

"எங்க நாத்தனாருங்களா? உங்க கொழுந்தியான்னல்லங்க நெனச்சேன்!" என்றார் செந்திலின் அம்மா.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வாய் நிறைய முறுக்கோடு, "இன்சூரன்ஸுங்க" என்றேன்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. காலில் கிடந்தது பெண்ணின் அப்பா செருப்பு என்பது பஸ்ஸில்தான் தெரிந்தது. சிங்காநல்லூர் வரைக்கும் ஜெபமாலை உருட்டினேன், மனசு அடங்கவில்லை. லைசென்ஸ் போனால் போகட்டும். என்னை நம்பி வரச் சொன்ன மனிதரின் வியாதியைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் கொட்டிவிட்டேனே.

அடுத்த ஞாயிறு செருப்பைத் தூக்கிக்கொண்டு செந்தில் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே, "நானே சொல்லோணும்னுதான் இருந்தேன். காப்பி குடிச்சு முடியட்டும்னு பாத்தேன்" என்றார். நிஜமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

செந்தில் வாசல்வரை வந்தார். "நீங்க கேட்டது தப்பில்லீங்க்கா. ஆனா அந்தப் புள்ளைக்கு நான் சொல்லித் தெரிஞ்சிருக்கோணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நல்லவேளை, அந்தப் பெண்ணே அவருக்குப் போன் பண்ணி, "வேற என்னெல்லாம் இருக்குதுங்க?" என்று கேட்டாளாம். அவரும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கல்யாணம் நடந்தது. பத்திரிகை எனக்கும் வந்தது. நான் எந்த வீட்டு ஆள் என்று மண்டபத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டில் இதைச் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. அன்றிலிருந்து நான் எதைக் கேட்க வாயெடுத்தாலும், "காப்பி குடிச்சு முடியட்டும் அம்மணி" என்பார் என் வீட்டுக்காரர்.

போன மாதம் எங்கள் மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. "சொல்ல வேண்டியவன் நீதான் கண்ணு" என்று மட்டும் வழியில் சொல்லிவைத்தேன். அங்கே போய் வாயே திறக்கவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். மகன் பெண்ணோடு தனியாகப் பேச வேண்டும் என்று எழுந்து மாடிக்குப் போனான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவுமில்லை.

இறங்கி வந்ததும் அந்தப் பெண் நேராக அவள் அம்மாவிடம் போனாள். "அம்மா, அந்தக் கொசுவத்திய அணைச்சுப்போடுங்க."

நான் காப்பியை எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.