ஞாயிற்றுக்கிழமைக்குச் சுஷி கிடைத்த விவரம்

அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய இவாவோ மச்சான் அவர்களுக்கு,

மழைக்காலம் பிடித்துவிட்டது. ஷியோகாமா துறைமுகமும் உங்கள் மீன் கிடங்கும் அக்காவும் நனைந்தபடி சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் இருக்கிறேன். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" சொல்வேன், கடைசியில் எல்லாவற்றுக்கும் நான் சம்மதித்ததாக ஆகிவிடும். ஆகையால் கடிதம்.

விஷயம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு நல்ல சுஷி கிடைத்துவிட்டது. அதுவும் கட்டுப்படியாகும் விலையில், இந்த ஊரிலேயே. நீங்கள் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற வேண்டாம்.

போன வாரம் நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "மாப்ள, ரயிலே சலிச்சுப்போய் நின்னுடுற ஊரு உன்னுது. அங்க சுஷின்னா பென்சில் ரப்பரைச் சோத்து மேல ஒட்டித் தருவான். என் தங்கச்சி துக்கம் கழியிற நாளு. சொந்தமெல்லாம் மறுபடி மீனைத் தொடுற முதல் சாப்பாடு. முடியலன்னா சொல்லிடு, நானே கொண்டாரேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே திண்டாடுறவன் கல்லறையை எப்படிப் பாத்துக்குவ? அஸ்தியையும் இங்கயே கொண்டாந்து அப்பா பக்கத்துல வெச்சிடலாம்." அதற்கும் நான் "ம்" சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. மச்சான், அது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற "ம்". சரி என்கிற "ம்" இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் மேட்டுக் கோயிலில் கல்லறைக்கு இடம் பார்த்தவள் உங்கள் தங்கை சிஹோவேதான். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கல்லில் உட்கார்ந்துகொண்டு, "இங்கேர்ந்து பாத்தா நீ வர்ற ரயிலு தெரியுது" என்றாள்.

ஆகவே தேட ஆரம்பித்தேன். முதலில் நெடுஞ்சாலை ஓரம், தட்டுகள் பெல்டில் ஓடிவரும் கடை. விலையில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உட்கார்ந்ததிலிருந்து திருப்பத்துக்குத் திருப்பம் பெல்டில் ஒரு கிரீச், என்னைப் போல் லிஃப்ட் பராமரிக்கிறவன் காதுக்கு அது பச்சைக் குழந்தை அழுகிற மாதிரி, மேனேஜரைக் கூப்பிட்டு பேரிங் போயிடுச்சுங்க என்றேன், அவர் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்கிறேன் என்று குனிந்து வணங்கினார், அவர் நிமிர்வதற்குள் நான் மேசைக்கு அடியில் இருந்தேன். பக்கத்து மேசைக் குட்டிப் பெண், "அம்மா, ஒரு மாமா சுஷிக்கு அடியில போயிட்டாரு" என்கிறது. "பாக்காத. சாப்பிடு" என்கிறாள் அம்மா. பெல்ட் வெண்ணெய் மாதிரி ஓட ஆரம்பித்தது, எல்லோரும் கைதட்டினார்கள், வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது நினைவு வந்தது. சாப்பிட்டிருந்தாலும் பயனில்லை. அவள் போனதிலிருந்து என் நாக்குக்குச் சோறும் அட்டைப்பெட்டியும் ஒன்றுதான். ருசி தெரியாதவன் எப்படிச் சுஷி தேர்ந்தெடுப்பது? சரி, பெட்டிகளை வாங்கி எடை போட்டுப் பார்த்தாவது முடிவு செய்வோம் என்று சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன்.

அங்கே சாயங்காலமானால் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதுவரை பெண்கள் எல்லோரும் டோஃபுவை ஆராய்வது போல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்த நினைப்பே இல்லை. நேரே போய் ஒரு பெட்டியை எடுத்துவிட்டேன். "ஏய் தம்பி, வை அதை!" என்று ஒரு சத்தம். தொகுனாகா என்கிற அம்மாள், எங்கள் குடியிருப்பின் குப்பை போடும் நாள்களைக் கண்காணிப்பவர். "ஸ்டிக்கர்காரரு முட்டைகிட்ட வந்துட்டாரு, பொறுக்க மாட்டியா? ஸ்டிக்கருக்கு முன்னால எடுக்குறவன் ஒண்ணு பணக்காரனா இருக்கணும், இல்ல பொண்டாட்டி இல்லாதவனா இருக்கணும்."

"ரெண்டாவது" என்றேன்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் டோஃபுவைப் பார்த்தார். பிறகு எதற்குச் சுஷி என்று கேட்டார், சொன்னேன். என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "துக்கச் சாப்பாட்டுக்கு இதையா வைப்ப? பஸ் டிப்போவுக்குப் பின்னால ஒனோதெரான்னு ஒருத்தரு. கடை மூடிக்கிடக்குற மாதிரி இருக்கும். மூடல, அந்தாளுக்கு விளக்குப் போட மனசு வராது. சொந்தக் கட்டடம், வாடகை கிடையாது, காசெல்லாம் மீனுக்குப் போகுது. மத்தியானமாப் போ." என் பெட்டிக்கு ஸ்டிக்கர் வாங்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டார்.

போனேன். கடையில் ஒனோதெராவும் மனைவியும் மட்டும். மத்தியானச் செட் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைதான். துக்கம் கழியும் முன்னால் மீனைத் தொட்டது ருசி பார்க்கத்தான், மன்னியுங்கள்; முதல் துண்டு வெறும் கடமை. இரண்டாவதில் சோற்றின் வெதுவெதுப்பு தெரிந்தது. கானாங்கெளுத்தியை வைத்தபோது புளிப்பு, உப்பு, அப்புறம் உங்கள் கிடங்கு வாசலின் வாசனை. கடைசியில் சர்க்கரை போட்டுச் சுருட்டிய முட்டை. சிஹோ முட்டையைத்தான் முதலில் தின்பாள், நீங்கள் மீன்காரன் தங்கச்சிடி நீ, மானம் போகுது என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். வாயில் போட்டேன். இனித்தது, மச்சான். கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது, நிறுத்தத் தெரியவில்லை.

"என்ன தம்பி, வசாபி காரமா?" என்றார் ஒனோதெரா.

"ஆமாங்க. மூக்குல ஏறிடுச்சு."

"முட்டைக்கு எவன்யா வசாபி வைக்கிறான்?" என்றார் மனைவி.

"நான்தான் வெச்சேன். கை தவறிடுச்சு. நீ போய் டீ போடு."

அந்த அம்மாள் டீ வைத்துவிட்டு, துடைத்த பலகையையே துடைத்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆர்டர் சொன்னேன். "நல்ல காரியமா, துக்க காரியமா?" என்று எல்லாக் கடைக்காரர்களையும் போல ஒனோதெரா கேட்டார். "மூஞ்சியைப் பாத்தா தெரியல?" என்று மனைவி அதட்ட, "கல்யாணத்துக்கு வைக்கிற எறாவைத் துக்கத்துக்கு வைக்கக் கூடாதுடி, அதான் கேக்குறேன்" என்றார். "அவளுக்கு எறான்னா உசுரு" என்றேன். ஒனோதெரா கத்தியைத் துடைத்தார். "அப்ப வெச்சிடலாம். யாராச்சும் கேட்டா, ஒனோதெராவுக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லு."

நிம்மதியாக இருக்கிறது மச்சான். நேற்று இரண்டு தடவை பசித்தது. சாப்பாட்டுக்கு வழி செய்துவிட்டேன், கல்லறையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வலைகளுக்குக் கனமும் உங்கள் ரத்த அழுத்தத்துக்கு இறக்கமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
ரியோஹெய்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஒனோதெராவின் மனைவி போன் செய்தார். ஒனோதெரா தும்மியிருக்கிறார், முதுகு பிடித்துக்கொண்டது, ஞாயிறு கழியும்வரை நிற்கவே கூடாதாம். நமக்கான மீனும் இன்னும் வாங்கவில்லையாம். "வெட்ட ஆளிருந்தா என்னை நாற்காலியோட தூக்கிட்டுப் போங்க, வாயால சொல்றேன்னு கத்துறாரு" என்கிறார். ஆகையால் மேலே கண்டதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். முதல் ரயிலில் வாருங்கள். மீன், கத்தி, இறால், உங்களால் தூக்க முடிந்த அத்தனையும் கொண்டு வாருங்கள். போகும்போது மட்டும் சிஹோவைத் தர மாட்டேன்.